முதல் சொம்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாட்றம்பள்ளியிலிருந்து உன் மகள் ஜீவிதா எழுதுவது. இங்கே அப்பா சுகம், கமலம் அத்தை சுகம், தம்பி சர்வேஷுக்கு அம்மை முத்தெல்லாம் காய்ந்து உதிர ஆரம்பித்துவிட்டது, அதனால் அவனும் முக்கால்வாசி சுகம். என் சுகத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதமே. அங்கே எத்தியோப்பியாவில் உன் உடம்பும், விடியற்காலையில் வரும் உன் இருமலும், நீ ஷூ தைக்கக் கற்றுக்கொடுக்கிற அந்த அக்காமார்களும் எப்படி? குளிர் ஜாஸ்தி என்றாயே, காதை மூடிக்கொண்டு படுக்கிறாயா? ஈரத்தலையோடு வேலைக்குக் கிளம்பாதே. அந்த ஊர்ப் புளித்த தோசை பிடிக்கவில்லை என்று பிஸ்கெட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளாதே. நீ எங்களுக்குச் சொல்லுவதையெல்லாம் இப்போது நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைப் பார்த்ததும் நீ பதறிப் போவாய் என்று தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி போனில் பேசுகிற பெண் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அப்பாவுடையது அம்மா. நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரைப் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார்கள், அப்பா, அத்தை, தம்பி, போதாததற்குத் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள்கூடக் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒரு நாள் நான், அம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உடனே அத்தை, சொல்லேன்டி, எங்களுக்குத் தெரியாத ரகசியம் இன்னா அது என்று சிரித்தார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சட்டென்று, கணக்குல நான்தான் ஃபர்ஸ்ட் மார்க் என்று சொல்லிவிட்டேன். நீ அங்கே கைதட்டினாய். நான் சொல்ல வந்தது அது இல்லை. கணக்கில் நான் முதலும் இல்லை.

பக்கத்து வீட்டு மஹ்பூபிம்மாவின் அக்கா மகன் தௌசீப் அகமது, உங்கள் கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர், லீவு முடிந்து நாளை ராத்திரி விமானம் ஏறுகிறார். சனிக்கிழமை உன் கையில் பை வந்துவிடும். அதில் பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். நான் எழுதுவது நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. மஹ்பூபிம்மாவின் சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் ஒரே சுவர்தான், அத்தை தண்ணீர் குடிக்க எழுந்தால் சொம்பு வைக்கிற சத்தம்கூட இங்கே கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா தினமும் கம்பெனி பஸ்ஸைத் தெருமுனையிலிருந்து எடுக்கும்போது இரண்டு தடவை ஹாரன் அடித்து உன்னைக் கூப்பிடுவாரே, அந்தப் பழக்கம் போகவில்லை. நீ விமானம் ஏறிய மறுநாள் காலையும் அடித்தார். நான் எழுந்து வாசலுக்கே ஓடிவிட்டேன். அப்புறம் பல நாள் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பஸ்ஸில் சௌந்தரம் அக்கா, இன்னாண்ணே, எத்தியோப்பியா வரைக்கும் கேக்குமா என்று கேட்டார்களாம், ஆம்பூர் போய்ச் சேரும் வரைக்கும் பஸ்ஸில் அதே சிரிப்பாம். அதிலிருந்து ஒரே ஒரு தடவை, அதுவும் மெதுவாக அடிக்கிறார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உன் இடத்தில் கொஞ்ச நாள் யாரையும் உட்காரவிடாமல் டிபன் பையை வைத்திருந்தார், இப்போது சௌந்தரம் அக்காதான் உட்காருகிறார்கள். அப்பா ராத்திரி சாப்பிடும்போது, அந்த சீட்டுல ஆள் மாறினா கண்ணாடியில பாக்கறதுக்கே பேஜாரா இருக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கும் அந்த ஒரு ஹாரனில்தான் விழிப்பு வருகிறது. நீ இருக்கும்போது பஸ் எடுப்பதற்கு முன்னால் என்னைத் தூக்கத்திலேயே எழுப்பி உட்காரவைத்துப் பின்னிவிடுவாய், நான் பின்னலோடு திரும்பப் படுத்துக்கொள்வேன். கடைசியில் கம்பெனி லைனில் ஷூவுக்குத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது போலக் கட்டைவிரலைப் பின்னல் மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு, பாஸ் என்று சொல்லி முதுகில் தட்டுவாய். நீ போன பிறகும் அந்த நேரத்துக்கு எழுந்து பாயில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நானே பின்னக் கற்றுக்கொண்டேன். என் பின்னல் எப்போதும் இடது பக்கமாகச் சாய்கிறது. கட்டைவிரலை நானேதான் ஓட்டிப் பார்க்கிறேன், பாஸ் என்று மட்டும் சொல்ல வரவில்லை.

தம்பி உன் பக்கத்தில் படுத்தே பழகியவன். முதல் வாரம் அப்பா தோளில் போட்டுக்கொண்டு தெருவையே சுற்றி வந்தார். அப்புறம் ஒரு ராத்திரி என் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். அன்றிலிருந்து அதுதான் அவன் வழக்கம். பின்னலைச் சுற்றி முஷ்டியை மூடிக்கொள்வான், நான் புரண்டு படுத்தால் இழுப்பான். முடி வலிக்கும், ஆனாலும் அப்படியே படுத்துப் பழகிவிட்டேன். யாராவது அவனை உங்கம்மா எங்கடா என்று கேட்டால், ஏரோப்ளேன்ல ஷூ தைக்கிறாங்க என்கிறான். கமலம் அத்தை தன் வீட்டைப் பூட்டிவிட்டு நமக்காக வந்து கிடக்கிறார்கள், குறை சொல்லக் கூடாது. ரசம் மட்டும் உன்னுடையது மாதிரி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கே உன்னிடம் வேலை பழகும் அக்காமார்கள் மேல் எனக்குப் பொறாமை. அவர்கள் உன்னிடமிருந்து இன்னா, சரி, போச்சு எல்லாம் கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னாய், தையல் விட்டால் எல்லோரும் சேர்ந்து போச்சு என்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு நாள், லைனில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள், மெஷினை நிறுத்தச் சொல்லி அவளை ஓரமாக உட்காரவைத்து, ஊரிலிருந்து எடுத்துப்போன வெந்தயத்தை விழுங்கக் கொடுத்து, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன், பாவம் அவளுக்கும் அம்மா எங்கேயோ தூரத்தில் இருக்கிறாளாம் என்று சொன்னாய். அத்தைகூட, நல்லா பண்ண எழிலு, புண்ணியமா போவும் என்றார்கள். நான் அப்போது போனுக்குப் பக்கத்தில்தான் சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அன்றைக்கு அதே வலிதான் அம்மா. நீ போனை வைத்த பிறகு யாரும் பார்க்காமல் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கொஞ்சம் வெந்தயம் எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். சுடுதண்ணீர் வைத்தால் எதற்கென்று கேட்பார்கள் என்று பச்சைத்தண்ணீரே குடித்தேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நான் பெரியவள் ஆகிவிட்டேன். இப்போது இல்லை, நீ போன கொஞ்ச நாளிலேயே, பள்ளிக்கூடம் திறந்த வாரம். பிரேயரில் நிற்கும்போது தெரிந்தது. பயப்படவில்லை, அத்தை மகளுக்கு நடந்தபோது நீ எனக்கு எல்லாம் சொல்லியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற நாப்கினைப் பையில் அடியில் வைத்துக் கொண்டுவந்து, உன் கம்பெனி ஷூ பெட்டி ஒன்று பரணில் இருக்கிறதே, அதில் போட்டு மேலே பழைய புத்தகங்களை அடுக்கிவிட்டேன். அந்த நாட்களில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்துவிடுவேன். அத்தை, இன்னாடி திடீர்னு இவ்ளோ சுத்தக்காரி ஆயிட்ட என்று கேட்டபோது, மிஸ் சொன்னாங்க என்றேன். மிஸ் பெயரைச் சொன்னால் அத்தை அதற்கு மேல் கேட்பதில்லை.

ஏன் மறைத்தேன் என்றால், நீ சொன்னதால்தான். சென்னை விமான நிலையத்தில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றோமே, அப்போது என் தாடையைப் பிடித்து, நான் வர்றதுக்குள்ள பெரிய மனுஷி ஆயிடாதடி, இரு, எந்த அத்தை எந்த மாமி வேணா அப்புறம் ஊத்தட்டும், முதல் சொம்பு தண்ணி நான்தான் ஊத்துவேன் என்று சொன்னாய். அப்பா சிரித்தார், மஹ்பூபிம்மா, ஏ எழிலு, அதெல்லாம் உன்னைக் கேட்டுட்டா வரும் என்று உன் முதுகில் அடித்தார்கள், நீயும் சிரித்தாய், சிரித்துக்கொண்டே முந்தானையில் மூக்கைத் துடைத்தாய். அது விளையாட்டுக்குச் சொன்னதா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும் வரைக்கும் நான் மனசுக்குள் சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சொல்லாமல் இருந்தால் தை மாசம் நீ வரும்போது அது அன்றைக்குத்தான் நடந்தது போல இருக்கும், நீதான் முதல் சொம்பு ஊற்றுவாய் என்று நினைத்தேன். அத்தைக்குத் தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே மண்டபம் பிடித்துவிடுவார்கள். அவர்கள் மகளுக்கு வைத்தது போலவே, அன்னப்பறவை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற போட்டோவோடு பஸ் ஸ்டாண்டில் பேனர் வைப்பார்கள், கீழே சீர் கொண்டுவரும் திருப்பத்தூர் மாமா பெயரும் போட்டோவும் இருக்கும், எங்கள் வகுப்புப் பையன்கள் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வருவார்கள். நீ மட்டும் அதில் இருக்க மாட்டாய்.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. ஆடி வெள்ளிக்கிழமையில்தான் தப்பு நடந்துவிட்டது. அம்மன் கோயிலுக்கு மாவிளக்கு எடுக்கிறதற்கு அத்தை எனக்கு மஞ்சள் பாவாடை தைத்து வைத்திருந்தார்கள். பார்த்தால் அன்றைக்குக் காலையில்தான் எனக்கு வந்தது. எனக்கு வேண்டாம், தலைவலி என்று சொன்னேன். அத்தை, உங்கம்மா ஊர் விட்டு ஊர் போய் கஷ்டப்படறா, அவளுக்காக ஒரு விளக்கு எடுக்க உனக்குத் தலைவலியா என்று கேட்டார்கள். உனக்காக என்றதும் மஞ்சள் பாவாடையைக் கட்டிக்கொண்டேன். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வந்தான். வழியெல்லாம் அம்மனிடம் மன்னிப்பு கேட்டேன், எங்கம்மாவுக்காகத்தான், கோபித்துக்கொள்ளாதே என்று.

ஆடி முடிந்த சமயத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் வயிற்றில் முத்து போட்டுவிட்டது. அத்தை நிலைப்படியில் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பதை நிறுத்தினார்கள், அம்மா வந்திருக்கா, யாரும் சத்தம் போடாதீங்க என்று தெருவில் சொன்னார்கள். தூக்கக் கலக்கத்தில் அதைக் கேட்டு ஒரு நொடி நான் எழுந்தே விட்டேன். அப்புறம் அத்தை வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டே, எவ தீட்டோட வந்து வாசப்படி மிதிச்சாளோ, பச்சப்புள்ள தலையில வந்து விடிஞ்சிருக்கு என்றார்கள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்கள். எனக்கு மாவிளக்கு எடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது. அவன் யூகேஜி வகுப்பில் அதற்கு முன்னாலேயே நாலைந்து பிள்ளைகளுக்கு வந்து, மிஸ் அவர்களை வரவேண்டாம் என்று அனுப்பியது எனக்குத் தெரியும். வைரஸால் வருவது என்று என் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. பகலில் நான் புத்தகத்தை நம்புகிறேன் அம்மா. விளக்கை அணைத்தால் அத்தையை நம்புகிறேன்.

அவன் உடம்பெல்லாம் அரிப்பு. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொண்டே இருந்தேன், அவன் என் பின்னலைப் பிடித்துக்கொண்டே இருந்தான். திங்கட்கிழமை காலையில் எனக்குத் திரும்ப வந்துவிட்டது. அந்த வீட்டில் அந்த நிலையில் அவனைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லவும் முடியவில்லை, சொன்னால் உன் சொம்பு போய்விடும், மாவிளக்கு எடுத்ததும் வெளியே வந்துவிடும். அதனால் ஒரு பொய் சொன்னேன். எனக்கு அம்மை வந்ததே இல்லை, வந்தால் முகத்தில் தழும்பு ஆகிவிடும், இது இறங்கும் வரைக்கும் மஹ்பூபிம்மா வீட்டில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்தார். அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பாரேன் அழகு ராணிய, தூக்கி வளத்த புள்ள மேல இல்லாத அக்கறை மூஞ்சி மேல, போ போ, போய் கண்ணாடிய கட்டிக்கினு படு என்றார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் வீட்டுப் பின்பக்க ஜன்னலும் மஹ்பூபிம்மா வீட்டுத் துணி துவைக்கிற கல்லும் எதிரெதிராக இருக்கிறதே. அன்று சாயங்காலம் தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். ஜீவிக்கா வா என்றான். வர முடியாதுடா என்றேன். சரி, நீ வராத, பின்னல மட்டும் ஜன்னல்ல விடு, நான் புடிச்சிக்கினு தூங்கறேன் என்றான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோடு ஒட்டி நின்றேன். அவன் கை கம்பிக்கு வெளியே வந்து பின்னலைத் தொட்டதும் எனக்கு அத்தை சொன்னது ஞாபகம் வந்துவிட்டது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். அவன் அழுதது தெரு முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை, அத்தை ராத்திரியெல்லாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நேற்று நீ போன் செய்தாய். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஜீவி எங்க என்று நீ கேட்டாய். அத்தை, உம்பொண்ணா, தம்பி மூஞ்சில முத்தப் பாத்ததும் எனக்குத் தழும்பு ஆயிடும்னு பாயச் சுருட்டிக்கினு ஓடிட்டா என்றார்கள். நீ, அவளா, அவளா அப்படிச் சொன்னா என்று இரண்டு தடவை கேட்டாய். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று அப்பா நினைத்தார், எனக்குத் தெரியும், நெட்வொர்க் போகவில்லை. அந்த நேரத்தில் நீ என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று யோசித்தால் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஓடி வந்தது முகத்துக்காக இல்லை அம்மா.

மஹ்பூபிம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இரண்டாம் நாளே குளியலறை மாடத்தில் ஒரு புது பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்து, நான் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லாத, எனக்கு முன்ன உனக்கு எப்படித் தெரியும்னு உங்கம்மா வந்து என் கூந்தல அறுப்பா, எனக்கு இருக்கறதே கொஞ்சூண்டு என்றார்கள். நான் சிரித்துவிட்டேன், சிரித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு தௌசீப் அண்ணனுக்குப் பை கட்டும்போது மட்டும், டப்பாக்கு அடியில இடம் இருக்கு, எதுனா வைக்கணும்னா வெச்சிக்கோ என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வெயிலில் காயும், உன் கல்யாணத்துக்கு வந்த சொம்பு, உன் பெயர் வெட்டியிருக்கிறதே, அதில்தான் மொண்டு ஊற்றுவார்கள், முதல் இரண்டு தடவையும் அதில்தான் ஊற்றினார்கள். அவனுக்கு ஊற்றி முடித்து வேப்பிலையை எடுத்ததும் நான் போய் அத்தையிடம் சொல்லப் போகிறேன், மாவிளக்கையும் சேர்த்துத்தான். அடித்தால் அடிக்கட்டும். தை மாசம் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியும் அம்மா, அது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவனிடமிருந்து ஓட என்னால் முடியாது. முதல் சொம்பு உனக்கு என்று வைத்திருந்தேன், அதை இப்போது விட்டுக்கொடுக்கிறேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமை இது உன் கையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைதான் அத்தைக்குத் தெரியும். முதலில் உன்னிடம்தான் சொன்னேன், அதை யாரும் மாற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அத்தை சொல்லுவார்கள். முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொள். உனக்கு நடிக்கவே வராது, அதனால் வீடியோ போடாதே, வெறும் குரலில் கூப்பிடு. அழ வேண்டும் போல இருந்தால் அதற்கு முன்னாலேயே அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வா. என்னை மூலையில் தனியாக உட்காரவைக்காமல் அன்றைக்கே தண்ணீர் ஊற்றிச் சேர்த்துக்கொள்ளச் சொல், தம்பி தூங்கி நாளாகிறது, அவனுக்கு என் பின்னல் வேண்டும். மண்டபம், பேனர் எல்லாம் நான் வந்து பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிடு, அப்புறம் வந்து மறந்துவிடு. அத்தையே ஊற்றட்டும், அவர்கள்தான் இத்தனை ராத்திரி விழித்திருக்கிறார்கள். ஆனால் உன் பெயர் வெட்டிய அந்தச் சொம்பில்தான் ஊற்ற வேண்டும் என்று நீ சொல். நான் சொன்னால் அடம் என்பார்கள்.

பையில் பருப்புப்பொடிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் வெந்தயம் இருக்கிறது. கொண்டுபோனது தீர்ந்திருக்கும். வயிற்றுவலி வந்த அந்த அக்காவுக்கும் கொடு, சுடுதண்ணீரில் கொடு. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, எங்களை நினைத்து லைனில் ஊசியைக் கையில் ஏற்றிக்கொள்ளாதே. உன்னை எல்லா சாமியும் காப்பாற்றட்டும். கடிதத்தின் முடிவில் ஆசீர்வாதம் எழுதுவது பெரியவர்கள் வேலை, அதனால் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். படித்து முடித்ததும் உன் கட்டைவிரலை அந்த இடத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார். பாஸ் என்று சொல்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
மகள் ஜீவிதா